கணவர் பெயரில் நாற்பத்து மூன்று நாள் அமைதி

அன்பும் பணிவும் கலந்து அண்ணா அவர்களுக்குத் தங்கை எழுதுவது. அண்ணியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லவும். இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் யோசிக்காமல் நலம் என்று சொன்னதால்தான் இந்த வினையே வந்தது என்பதால், நலமா இல்லையா என்பதை முழுதும் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை வேலை பார்க்கும் பாட்டில் தொழிற்சாலையில், மன அமைதிக்கென்று ஓர் ஆப்பை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். வெளியாட்களுக்கு மாதச் சந்தா உண்டு, இவர்களுக்குக் கம்பெனியே கட்டிவிடும். தினம் இருபது நிமிடம் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க வேண்டும், முடிந்ததும் ‘இன்று உங்கள் மனம் எப்படி இருக்கிறது?’ என்று கேட்டு, சிரிப்பிலிருந்து அழுகை வரை ஐந்து முகங்கள் வரும், ஒன்றைத் தொட வேண்டும். நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பாட்டில் கழுவும் பிரிவை மேற்பார்வை பார்த்துப் பார்த்து இவருக்குக் காது பாதி போய்விட்டது. ஆப்பில் வரும் அம்மாளோ பூவுக்கு வலிக்குமோ என்று பேசுகிறாள். இவர் சத்தத்தை முழுக்க வைத்துக் கேட்டதில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டி, “எங்க வீட்டுல எல்லாரும் மூச்சை இழுத்துப் பிடிச்சுட்டு நிக்கிறோம், எப்ப விடணும்னு சீக்கிரம் சொல்லச் சொல்லுங்க” என்றார். வேலை இடத்தில் போனுக்குத் தடை வேறு. “நீ எப்படியும் காலையில உக்காந்து கும்பிடுற. பக்கத்துல இதையும் ஓட விடேன்” என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஏனோதானோ என்று எதையும் செய்ய வராத கை என்னுடையது, உங்களுக்குத் தெரியாதா? பிரார்த்தனையோடு பிரார்த்தனையாக மூச்சும் விட்டு, நோட்டில் கோடு போட்டுத் தேதி, நிமிடம், முகம் என்று எழுதி வந்தேன். நாற்பத்து மூன்று நாளும் சிரித்த முகம். கும்பிட்டு எழுந்தவள் வேறு எதைத் தொடுவேன்? கடைசியில் தொழிற்சாலையிலேயே அமைதியான மனிதர் இவர்தான் என்று பட்டியல் வந்து, கேன்டீன் சுவரில் படத்தை ஒட்டிவிட்டார்கள். உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிற மனிதர்! சிரித்தேன், கூடவே கொஞ்சம் பெருமையும் பட்டேன், அதற்குத்தான் இந்தத் தண்டனை.

போன திங்கட்கிழமை சாப்பாட்டுப் பெட்டி திறக்காமலே திரும்பி வந்தது. கேட்டால், “பசிக்கலை.” மறுநாள் இவருக்கு விடுமுறை. மூச்சு முடிந்து முகங்கள் வந்தபோது, ஆளே எதிரில் இருக்கிறார், கேட்டால் என்ன என்று அன்றுதான் தோன்றியது.

“இன்னைக்கு உங்க மனசு எப்படி இருக்கு?”

“என்னடி புதுசா?”

“நான் கேக்கலைங்க, போன் கேக்குது.”

“இவ்வளவு நாளா அதுக்கு என்ன சொன்ன?”

“சிரிச்ச முகம்.”

“எனக்கா?”

“உங்களுக்குத்தான்.”

காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். விழுந்திருந்தது. “அதான் என்னைக் கூப்பிட்டிருக்காங்க” என்றார். புது மெஷின் வருகிறதாம், கழுவும் பிரிவில் பதினொரு பேர் அடுத்த வெள்ளிக்கிழமையோடு வேலையை விட்டு நின்றுகொள்ள வேண்டுமாம். அதை யார் போய்ச் சொல்வது என்று மேனேஜர் அந்த அமைதிப் பட்டியலைப் பார்த்திருக்கிறார். “நீங்கதான் எதுக்கும் கலங்காத ஆளு, நீங்களே சொல்லிடுங்க” என்றாராம். அந்தப் பதினொரு பேரில் ஆறு பேரைச் சேர்த்துவிட்டதே இவர்தான் அண்ணா.

இருபத்தாறு வருடத்தில் குழம்பு எப்படி, இடுப்பு வலி எப்படி என்று கேட்டிருக்கிறேன்; மனசு எப்படி என்று கேட்க ஓர் ஆப் வர வேண்டியிருந்தது. அது கேட்டும் நான் இவரைக் கேட்கவில்லை, நானே பதில் சொன்னேன். கடவுள் முன்னால் உட்கார்ந்துகொண்டு சொன்ன பொய் என்பதுதான் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

நீங்கள் ஆபீஸ் பாஷை தெரிந்தவர். ‘அந்த அமைதி என் கணவருடையது அல்ல, அவரை விட்டுவிடுங்கள்’ என்று, இவர் வேலைக்குப் பங்கம் வராதபடி மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுதிப் புதன்கிழமைக்குள் கிடைக்கும்படி அனுப்புங்கள். இவருக்குத் தெரிய வேண்டாம். நான் அந்தத் தொழிற்சாலை வாசலை மிதிக்கப் போவதில்லை, இது சத்தியம்.

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் இறைவன் சிரித்த முகத்தை நிஜமாகவே தரட்டும்.

உங்கள் தங்கை

பின்குறிப்பு: கடிதம் வேண்டாம் அண்ணா. உறையை ஒட்டுவதற்குள் இவர் வந்துவிட்டார். மேனேஜரிடம் தானே போய், “சார், அது என் அமைதி இல்லை, என் வீட்டுக்காரியோடது” என்று சொல்லிவிட்டாராம். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப வெள்ளிக்கிழமை அவங்களையே வந்து சொல்லச் சொல்லுங்க” என்றாராம். வருகிறேன் என்று சொல்லியனுப்பிவிட்டேன், ஆனால் வியாழக்கிழமையே, மேனேஜரைப் பார்க்க. பதினொரு பேரையும் ஒவ்வொருவராகச் சொல்லி, ‘இந்த ஆளுக்கு எந்த முகம்?’ என்று மேனேஜரையே தொடச் சொல்லப் போகிறேன். உள்ளே போன் கூடாது என்பதால் ஐந்து முகங்களையும் அட்டையில் வரைந்துகொண்டிருக்கிறேன். நான்கு சரியாக வந்துவிட்டன. அழுகிற முகம் மட்டும் எத்தனை தடவை அழித்து வரைந்தாலும் உங்கள் மாப்பிள்ளை சாயலிலேயே வருகிறது.