லேப்டாப்பின் விளிம்பு குறித்த முழு உண்மை

கள்ளக்குறிச்சி,
ஜனவரி 6, மாலை.

பாசமுள்ள பிரிட்டோ மாமாவுக்கு, உங்கள் அக்கா மகள் ஷைனி மரியாதையுடன் எழுதுவது.

இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குச் சாதகமாக ஒரு சொல்லையும் கூட்ட மாட்டேன். போனில் சொன்னால் அம்மா நடுவில் வாங்கிப் பேசிவிடுவார் என்பதால் தாளில் எழுதுகிறேன். இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் சுகம். நீங்கள் ஜூன் மாதம் கொடுத்த லேப்டாப்பும் சுகம்தான். ஆனால் கொடுத்தபோது இருந்த உருவத்தில் அது இப்போது இல்லை.

"பொங்கலுக்கு வந்து பாப்பேன், ஒரு கீறல் இருந்தாலும் தூக்கிக்கினு போயிடுவேன்" என்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. பொங்கலுக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது. பிளஸ் ஒன் கணினி அறிவியலுக்கு என்னிடம் வேறு கணினி கிடையாது. அதனால், நீங்கள் வந்து பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட முன்கூட்டியே படித்துத் தெரிந்துகொள்வது எனக்கு நல்லது என்று முடிவு செய்தேன்.

நவம்பரில் என் இரண்டு கைகளிலும், மணிக்கட்டிலிருந்து நாலு விரல் தள்ளி, ஸ்கேல் வைத்து இழுத்தது போல ஒரு சிவப்புக் கோடு விழ ஆரம்பித்தது. நீங்கள் படித்து முன்னேறிய அதே மேசையில் லேப்டாப்பை வைத்துத்தான் தினமும் இரண்டு மணி நேரம் தட்டச்சு செய்கிறேன். அப்பா கோட்டைப் பார்த்தார், லேப்டாப்பின் முன்விளிம்பைத் தடவினார், "இன்னா பாப்பா இது, கத்தி கணக்கா கீது" என்றார். அது உண்மைதான், அலுமினிய உடம்பு, விளிம்பு கூராகத்தான் இருந்தது. மறுநாள் அப்பா தான் கண்டக்டராகப் போகும் கரியாலூர் பஸ்ஸில் இந்த விஷயத்தை எடுத்துவிட, மலை ஏறி முடிப்பதற்குள் பஸ்ஸே கூடிப் பேசி சைக்கிள் டியூப் என்று தீர்மானித்துவிட்டது. டியூபை நீளவாக்கில் வெட்டி விளிம்பில் ஒட்டினோம். மூடி மூடவில்லை. இரண்டு நாள் ரப்பர் வாடையில் எனக்குத் தலைவலி வந்ததால் பிய்த்துப் போட்டோம். கோடு அப்படியே இருந்தது.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வந்தபோது, எங்கள் தெருவுக்குச் சாணை பிடிக்கிற வேடியப்பன் வந்திருந்தார். லேப்டாப்பை அணைத்து, ஓட்டைகளையெல்லாம் பிளாஸ்திரி போட்டு அடைத்து, அப்பாவே தூக்கிக்கொண்டு போனார். வேடியப்பன் கட்டை விரலால் விளிம்பை வருடிப் பார்த்து, நல்ல கூராகத்தானே இருக்கிறது என்றார். மழுக்க வேண்டும் என்று அப்பா சொன்னதும் சக்கரத்தை நிறுத்திவிட்டார்.

"முப்பது வருசமா சாணை புடிக்கிறேன் சார். மொன்னை ஆக்குன்னு சொன்ன மொத ஆளு நீங்கதாங்க."

ஆனாலும் ஒப்புக்கொண்டார். அரிவாளுக்குப் பறப்பது போலத் தீப்பொறி பறக்குமென்று நான் தள்ளி நின்றேன். ஒரு பொறியும் பறக்கவில்லை. அலுமினியத்துக்குப் பறக்காது என்பதை நேரில் கண்டு குறித்துக்கொண்டேன். மூன்று நிமிடத்தில் அலுமினியத் தூள் அப்பி, கல் அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. வீட்டுக்குள் கொண்டுவந்ததும் அம்மா ஓர் அவரைக்காயை அந்த விளிம்பில் வைத்து அழுத்தினார். அவரைக்காய் இரண்டாகிவிட்டது. மொன்னையாக்கக் கொடுத்த இடத்தில் வேடியப்பன் கூர் ஏற்றிக் கொடுத்திருந்தார். அப்பா திரும்பிப் போய்க் கேட்டதற்கு அவர் தம் கையைத்தான் குற்றம் சொன்னார். கல் சுற்ற ஆரம்பித்தால் கை தானாகச் சாய்ந்துகொள்கிறதாம். அன்று நான் அழுதேன். கோடு விழுந்ததற்காக அல்ல, உங்கள் பொங்கலை நினைத்து.

டிசம்பர் நடுவில் அம்மா என்னைச் சிற்பி சிங்கராயர் பெரியப்பாவிடம் அழைத்துப் போனார். அவர் மரத்தில் குழந்தை இயேசு செய்துகொண்டிருந்தார். கிறிஸ்துமஸ் பூசையில் ஊரே வரிசையில் வந்து பாதத்தில் முத்தமிட்டு முத்தி செய்யும் சொரூபம், உங்களுக்குத் தெரியும். லேப்டாப்பைப் பார்த்தவுடன் அவர் உதட்டைப் பிதுக்கினார். பிறகு ஓட்டைகளை மறுபடி பிளாஸ்திரியால் அடைக்கச் சொல்லி, சன்ன அரத்தால் ஒருமுறை, உப்புத்தாளால் பலமுறை, அவசரமே இல்லாமல் தேய்த்தார். அவ்வப்போது கண்ணை மூடிக்கொண்டு கீழ் உதட்டை விளிம்பில் வைத்து மெதுவாக இழுத்துப் பார்த்தார். நான் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காத பொண்ணு. கைக்கு வழவழன்னு தெரியும், ஒதட்டுக்கு முள்ளு தெரியும். முத்தி செய்யிறவங்க ஒதடு கிழிஞ்சா அந்தப் பாவம் யாருக்கு? எனக்குத்தான்."

குழந்தை இயேசுவின் பாதத்துக்குச் செய்ததையே உங்கள் லேப்டாப்புக்கும் செய்து கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிளாஸ்திரியை உரித்து, பொத்தானை அமுக்கி, திரையில் வெளிச்சம் வருகிறதா என்று பார்த்தேன். வந்தது, மாமா. ஒரு எழுத்துகூட அழியவில்லை. சாம்பல் நிறம் போய் முன்பக்கம் மட்டும் வேட்டிக்கரை போல வெள்ளையாக இருக்கிறது, அவ்வளவுதான். மேசைமேல் கிறிஸ்துமஸ் குடில் வைத்துவிட்டதால் இந்த மூன்று வாரமும் பாயில் உட்கார்ந்து, சாமை மூட்டைமேல் லேப்டாப்பை வைத்துத் தட்டச்சு செய்தேன். சிவப்புக் கோடு அடியோடு மறைந்துவிட்டது. எனக்கு எவ்வளவு நிம்மதி என்று எழுதத் தெரியவில்லை.

ஆகையால் லேப்டாப்பைச் சிதைத்த குற்றத்தை முழுவதும் ஏற்று மன்னிப்புக் கேட்கிறேன். அதைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். அத்தைக்கு என் அன்பு. இன்று மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து பெட்டிக்குள் போன குழந்தை இயேசு உங்களைப் பொறுமையில் நிலைநிறுத்துவாராக.

இப்படிக்கு,
விளிம்பைத் தவிர வேறெதையும் தொடாத
ஷைனி

பின்குறிப்பு: குடிலை எடுத்துவிட்டதால் மூன்று வாரத்துக்குப் பிறகு இன்றுதான் மேசையில் உட்கார்ந்தேன். இந்தக் கடிதம் முழுவதையும் கையால் எழுதினேன். லேப்டாப் அலமாரியில் இருக்கிறது. இப்போது கையைத் தூக்கிப் பார்த்தால், மணிக்கட்டிலிருந்து நாலு விரல் தள்ளி அதே சிவப்புக் கோடு. மேசை ஓரத்தில் ஓர் அலுமினியப் பட்டி இருக்கிறது. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், கோடும் பட்டியும் பொருந்துகின்றன. பத்தாம் வகுப்புப் படிக்கும்போது நீங்களே ஆசையாக அடித்த பட்டி அது என்று அம்மா சொல்கிறார். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மீதிப் பாதி வேடியப்பனுக்காக இருக்கட்டும்.

பட்டியை மழுக்கலாமா என்று உடனே தெரிவியுங்கள். அப்பா ஏற்கெனவே அரத்தைத் தேடி எடுத்துவிட்டார். "எந்தம்பி வர்ற வரைக்கும் அந்த மேசைமேல யாரும் கை வைக்கக் கூடாது" என்று சொல்லி அம்மா விளக்கை அணைத்துவிட்டார்.