வரீதின் வேட்டியும் இரண்டு மில்லி ஆம்பியரும்

வேட்டி மறுபடியும் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தது. வரீது பல்லைக் கடித்தார்.

பக்கவாதம் வந்து நாலு மாதம். நடை திரும்பிவிட்டது, வலது கைதான் திரும்பவில்லை. ஒற்றைக் கையால் வேட்டியை மடித்துக் கட்ட முடியுமா? திருச்சூர் மின்வாரியத்தில் முப்பது வருஷம் லைன்மேன், போதாததற்கு யூனியன் செயலாளர். எந்த அதிகாரியைக் கண்டும் மடித்துக் கட்டிய வேட்டியை அவர் இறக்கிவிட்டதில்லை. இன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பழைய எஞ்சினீயர் பாஸ்கர மேனன் உட்கார்ந்திருக்க, வேட்டி கணுக்காலுக்கும் கீழே தொங்குகிறது.

"பரவால்ல வரீதே, இவ்வளவு மரியாதை எதுக்கு?" என்றார் பிரஷர் பார்க்க வந்த மேனன், முகமெல்லாம் சிரிப்பாக.

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் மனைவி கொச்சுத்ரேசியாவை விட்டு மடித்துக் கட்டிக்கொண்டு போனார்.

"அடடா, வேட்டி கட்டிவிடவே ஆள் வேணுமா இப்ப?" என்றார் மேனன்.

"அவுத்து விடுடீ!" என்று மனைவியிடம் கத்தினார் வரீது.

இனி டாக்டர் தீப்தியின் மெஷின்தான் கதி. தலையில் ஈரப் பஞ்சு வைத்து மூளைக்கு மெல்லிய கரன்ட் கொடுக்கும் ஆராய்ச்சி. பாதிப் பேருக்கு நிஜ கரன்ட், பாதிப் பேருக்குப் போலி. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது.

"எவ்வளவு கரன்ட்?"

"ரெண்டு மில்லி ஆம்பியர்."

"அதுல கொசுகூடச் சாகாது டாக்டரே!"

"கொசு அடிக்கிறதுக்கு இல்ல சேட்டா. கரன்டோட சேர்த்துக் கையையும் ஆட்டிப் பழகினா என்ன ஆகும்னுதான் இப்ப எல்லா நாட்டுலயும் பாத்துட்டிருக்காங்க."

மெஷினைப் போட்டதும் ஒரு நிமிஷம் தலையில் குறுகுறுவென்றது, அப்புறம் ஒன்றுமில்லை. லைன்மேனையா ஏமாற்றுகிறார்கள்? மறுநாள் டெஸ்டரைக் கொண்டுபோய்ப் பஞ்சில் வைத்தார். டெஸ்டரின் விளக்கு எரியவில்லை. பஞ்சு நழுவி, மெஷின் கீகீ என்று அலறி நின்றது.

"எனக்குப் போலிதான்! தொழிலாளின்னா போலியா? இன்குலாப்!"

"ஜிந்தாபாத்!" மற்ற நோயாளிகளும் ஆளுக்கொரு நல்ல கையைத் தூக்கினார்கள்.

"இந்தக் கரன்டுக்கு டெஸ்டர் எரியவே எரியாது," என்று தலையில் கைவைத்தார் டாக்டர். "இன்னொரு தடவை கலாட்டா பண்ணினா ஆராய்ச்சியிலேர்ந்து எடுத்துருவேன்."

கண்காணிப்பதற்காக வரீதின் நாற்காலியைக் கதவோரம் போட்டார்கள். கதவுக்கு நேரெதிரே மேனன். நாள் தவறாமல் மேனன். ஒரு மனுஷனுக்குத் தினமுமா பிரஷர்?

"உனக்கு இனிமே அந்தக் கை எதுக்கு வரீதே? அடங்கி ஒடுங்கி உக்காரு."

வரீதுக்கு உச்சந்தலை எரிந்தது. "போலி கரன்டுலயே தூக்கிக் காட்டறேன், இருங்க!"

பத்துத் தடவை செய்யச் சொன்ன பயிற்சியை நூறு தடவை செய்தார். வீட்டில் ஈரத் துண்டையெல்லாம் பிடுங்கிப் பிழிந்தார். விரல் வலித்தால் மேனனின் சிரிப்பை நினைத்துக்கொள்வார். இன்னும் இருபது தடவை நடக்கும்.

இருபதாம் நாள், நேராக மேனன் முன்னால் போய் நின்றார். வலது கை நடுங்கிக்கொண்டே இறங்கி, வேட்டி நுனியைப் பிடித்து, தூக்கியது. இரண்டு கையாலும் ஒரு மடிப்பு, இடுப்பில் ஒரு செருகல். முழங்கால் தெரிய, காலை அகட்டி நின்றார் வரீது.

"இப்ப சொல்லுங்க சாரே!"

டாக்டர் ஓடிவந்தார். "கரன்ட் வேலை செஞ்சிருக்கு!"

"எனக்குக் குடுத்தது போலி டாக்டரே!" வரீது அவரிடம் சண்டைக்குப் போனார்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே கொச்சுத்ரேசியா மேனனிடம் குனிந்து சொன்னாள்: "நான் கேட்டுக்கிட்டேன்னு இருபது நாளா வந்து அவரை வம்புக்கு இழுத்தீங்களே, ரொம்ப உபகாரம் சார். நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்."