ஹாஸ்கெலின் நீலக்கோடு

வரும் சனிக்கிழமைத் துப்பாக்கி சுடும் போட்டியில் பக்கத்து வீட்டு ஹாஸ்கெலை மண்ணைக் கவ்வ வைக்காவிட்டால் தாடியையே மழித்துவிடுவதாக ஆர்வில் மனைவி முன்னால் சபதம் போட்டார். மொன்டானாவில், அதுவும் நவம்பர் குளிரில், தாடியைப் பணயம் வைப்பது லேசுப்பட்ட விஷயமில்லை.

போன வருஷம் துப்பாக்கிச் சங்கத்துப் பரிசான பன்றித்தொடையைத் தூக்கி வந்தவர் ஆர்வில்தான். இந்த வருஷம் மாதாமாதம் ஹாஸ்கெல் ஜெயிக்கிறான்! எல்லாம் அவனுடைய தோட்டாக்கூடுகளால். வெடித்து முடிந்த பித்தளைக் கூட்டில் மருந்தும் குண்டும் நிரப்பித் திரும்பவும் சுடுவார்கள். நாலைந்து தடவை ஆனதும் கூட்டின் கழுத்து விறைத்துப்போகும். நெருப்பில் காட்டி இளக்க வேண்டும்; பதமாகச் சூடு பட்டால் கழுத்தில் நீலக்கோடு விழும். ஹாஸ்கெலின் கூடுகளில் கழுத்துக்குக் கழுத்து ஒரே அளவில் நீலக்கோடு. பார்க்கும்போதெல்லாம் ஆர்விலுக்கு வயிறு எரிந்தது.

"எவ்வளவு லட்சணமா இருக்கு பாரேன்!" என்றாள் மனைவி மார்லிஸ்.

"அவன் கூட்டை நீ எதுக்குப் பாக்கற?"

ஆர்வில் கராஜ் விளக்கை அணைத்துவிட்டு, கேஸ் பர்னரில் ஒரு கூட்டைச் செக்கச்செவேலென்று காய்ச்சினார்.

"யோவ், இதென்ன கொல்லன் பட்டறையா? லேசா காட்டி எடுய்யா. கழுத்து களிமண்ணாயிடும்!"

"உனக்கென்ன தெரியும்? கராஜ்ல உனக்கு வேலையில்லன்னு போன கிறிஸ்துமஸ்லயே சொன்னேன்ல?"

"சொன்ன, சொன்ன."

செவ்வாய்க்கிழமை மார்லிஸ் தையல் சங்கத்துக்குக் கிளம்பினாள். ஆர்வில் பௌலிங் ஆடப் போவதாகச் சொல்லிவிட்டு, ஹாஸ்கெலின் கொட்டகை ஜன்னலில் கண்ணை வைத்தார். உள்ளே இருட்டு. பர்னர் வெளிச்சத்தில் ஹாஸ்கெல். அவன் பக்கத்தில், ஐயோ, மார்லிஸ்!

கதவை உதைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார். "இதுதான் உன் தையல் சங்கமாடி?"

"கதவ மூடுய்யா! வெளிச்சத்துல நிறம் தெரியாது."

அவள் கை நிற்கவில்லை. கூட்டைச் சுழற்றினாள், தீயில் காட்டினாள், தண்ணீரில் போட்டாள். கழுத்தில் அச்சடித்த மாதிரி நீலக்கோடு. ஹாஸ்கெல் அடுத்த கூட்டை எடுத்துக் கொடுத்தான், அவ்வளவுதான் அவன் வேலை.

"அப்ப இவன் ஜெயிச்சதெல்லாம்..."

"நீ பன்றித்தொடை ஜெயிச்சியே, அதுவும் என் கைவேலைதான்யா. நீ பௌலிங் போற நாளெல்லாம் உன் கூட்டை நான்தான் சரிபண்ணி வைப்பேன். வேலையில்லன்னு சொன்ன, விட்டுட்டேன். ஹாஸ்கெல் தயவா கேட்டாரு, செஞ்சு குடுக்கறேன்."

ஆர்விலுக்குப் பொறாமையை எந்தப் பக்கம் திருப்புவதென்றே தெரியவில்லை.

"எனக்கும் கொஞ்சம் தயவு பண்ணேன், கண்ணு."

மார்லிஸ் சுவரோரம் ஊர்க்காரர்கள் கூடுகளை நிரப்பிப் பெயர் எழுதி அடுக்கியிருந்த காபி டப்பாக்களைக் காட்டினாள். "உன் டப்பாவையும் வரிசையில வை. பாதிரியாருக்கு அடுத்து நீ. சனிக்கிழமைக்குள்ள முடியாது. சவரக்கத்தி பாத்ரூம் அலமாரியில இருக்கு."