குறுகலான பில்டரும் சம்பந்திக்குப் போட்ட மாலையும்

மதிப்பிற்குரிய சம்பந்தி தெய்வசிகாமணி அவர்களுக்கு,

குருசுக்குப்பம் இராமதாஸ் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் துணைவியாரும் என் மகள் மேனகாவும் பிறந்திருக்கும் பேரனும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கு நான் உடம்பால் சுகம், மனசால் இல்லை. போனில் சொல்ல நாக்கு எழாததால் இக்கடிதம்.

என் அமெச்சூர் ரேடியோ பைத்தியம் தாங்கள் அறிந்ததே. புயலில் செல்போன் செத்துவிட்டால், மேனகாவின் பிரசவச் செய்தியைத் தங்கள் எதிர்வீட்டுக் கன்னியப்பன் தன் ரேடியோ வழியாக எனக்குச் சொல்வதாக ஏற்பாடு. அதற்காகவே என் செட்டுக்குப் புது பில்டர் வாங்கினேன். வருகிற சத்தத்தில் தேவையானதை மட்டும் உள்ளே விடுகிற சின்னச் சாமான் அது. நண்பர் இளஞ்செழியன், "பேச்சு கேக்கணும்னா அகலமானதை வாங்குங்க. குறுகலானது தந்தி மாதிரி 'டிட் டா' அடிக்கிறவங்களுக்கு" என்று படித்துப் படித்துச் சொன்னார். நான் கேட்டேனா? குறுகலா இருந்தா இரைச்சல் வராதுல்ல, எனக்குத் தெரியாததான்னு அதையே மாட்டினேன். இரைச்சல் சுத்தமா நின்னுச்சு. பேச்சும் முக்கால்வாசி நின்னுச்சு.

புயலன்னிக்குக் கன்னியப்பன் குரல் குடத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி கேக்குது. "சம்பந்தி..." அப்புறம் கொழகொழன்னு என்னவோ, "...போய்ச் சேர்ந்துட்டார்!" அவ்ளோதான். திரும்பச் சொல்லுன்னுகூடக் கேக்கலை சம்பந்தி, மைக்கை வெச்சுட்டு அழுதேன். மழை விட்டதும் ஒரு பூக்கடைக்காரரை எழுப்பி, இருக்கறதுலயே பெரிய ரோஜா மாலையா வாங்கிக்கிட்டு வண்டியைக் கிளப்பினேன். கனகசெட்டிக்குளத்துல உங்க வீடு பூட்டிக் கெடக்கு. "எங்க வெச்சிருக்கீங்க என் சம்பந்தியை?"ன்னு நான் போட்ட கூச்சல்ல தெருவே கூடிடுச்சு. பக்கத்து வீட்டு ஆயம்மா அடுப்புல இருந்த உலையையே இறக்கிட்டாங்க. கன்னியப்பன் ஓடியாந்து, "ஐயோ அண்ணே! சம்பந்தி மேனகாவைக் கூட்டிக்கிட்டு கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துட்டார்னுதானே சொன்னேன்!"னு தலையில அடிச்சுக்கிட்டான்.

அவன் வண்டி முன்னாடி பறக்க, நான் பின்னாடி திணறிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். மாலையைத் தூக்கிப் போடக்கூடத் தோணலை. நீங்க வார்டு வாசல்லயே, "பேரன் பொறந்திருக்கான் சம்பந்தி! மாலை எனக்கா?"ன்னு கழுத்தை நீட்டினீங்க. போட்டுட்டேன். சுத்தி இருந்தவங்க கை தட்டினாங்க. நீங்க சிரிக்கச் சிரிக்க எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. அது எதுக்கு வாங்கின மாலைன்னு உங்க தெருக்காரங்க சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும்னுதான் இதை எழுதுறேன். மன்னிச்சுடுங்க.

அகலமான பில்டரை மாட்டிவிட்டேன். தாங்கள் நூறாண்டு இருந்து பேரன் கல்யாணத்தை நடத்த வேண்டும் என்று, இம்முறை மனதாரவே, வேண்டிக்கொள்கிறேன்.

தலைகுனிவுடன்,
இராமதாஸ்

பி.கு.: கவரை ஒட்டும்போது மேனகா போன் பண்ணினாள். எனக்கு முன்னாடி வந்த கன்னியப்பன் உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டானாம். மாலையும் கையுமா நான் முழிச்சதைப் பார்த்து, நாலு பேர் எதிர்ல எனக்கு அவமானம் வேணாம்னுதான் நீங்களா கழுத்தை நீட்டினீங்களாம். மேலே எழுதினதையெல்லாம் கிழிச்சுப் போட்டுடுங்க சம்பந்தி. இதுக்கு எப்படிக் கடிதம் எழுதறதுன்னு எனக்குத் தெரியலை.