இருபது குப்பிப் பதநீர்

பிற்பகல் ஒன்று ஐம்பது. சென்னை விமான நிலையத்தின் பன்னாட்டுச் சோதனைக் கூடத்தில், எக்ஸ்ரே திரையில் முதலில் என் கண்ணில் பட்டது என் கைப்பையின் வயிறு. அதற்குள் இருபது சிறு குப்பிகள், குரூப் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி இரண்டு வரிசையாக நின்றிருந்தன. பட்டை நகர்வது நின்றது. திரைக்கு முன்னால் இருந்தவர் குனிந்து பார்த்தார். பக்கத்திலிருந்தவரைக் கூப்பிட்டார். அவரும் குனிந்தார்.

"நம்ம பைதான் மாப்ள" என்றார் எனக்குப் பின்னால் நின்ற மாமா. (என் மனைவி சுதாவின் அப்பா.) குரலில் பெருமை இருந்தது.

அந்த நிமிடம் வரை, விமானத்தில் கையோடு எதைக் கொண்டுபோகலாம், எது கூடாது என்பதில் தூத்துக்குடி வட்டாரத்தின் ஒரே நிபுணன் நான்தான். அப்போது ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். வெளியூரிலிருந்து வந்த செய்தி ஒன்றைத் தமிழாக்கி, 'கைப்பையில் திரவமா? நூறு மில்லிக்கு மேல் கூடாது' என்று தலைப்பும் போட்டிருந்தேன். அதன் பிறகு பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும் அண்ணாச்சிமார் எல்லாம் ஊறுகாய் முதல் தைலம் வரை என்னிடம் கேட்டுத்தான் கட்டினார்கள். நானும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, யோசித்துப் பதில் சொல்வேன். (அதுவரை நான் விமானத்தில் ஏறியதில்லை. அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)

மாமா தூத்துக்குடியில் கருப்பட்டி மண்டி வைத்திருந்தார். அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் சுதா. இளையவள் மாலா துபாயில் வேலைக்குப் போய், கூட வேலை பார்த்த மலையாளிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு, அதன் பிறகு தகவல் சொன்னாள். தகவல் வந்த நாளிலிருந்து மாமா அவளிடம் பேசவில்லை. வீட்டில் போன் மணி அடித்து, எடுத்த அத்தை "மாலா" என்று சொன்னால், அவர் எழுந்து கடைக்குப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமையானாலும் போவார். பூட்டிய கடைக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார்.

மூன்று வருஷம் இப்படிப் போனது. ஒரு பங்குனியில் மாலா, அப்பாவுக்கும் எனக்கும் டிக்கெட் அனுப்பினாள். என்னை எதற்கு என்றால், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வர. டிக்கெட்டைப் பார்த்துவிட்டு மாமா வெற்றிலையை மடித்து வாயில் போட்டார். சுதா மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. வரும்போது கொஞ்சம் பதநீர் கொண்டாரச் சொல்லுதா."

மாமா வெற்றிலையை மென்று முடித்தார். "நூறு மில்லிதான விடுவான்? மாப்ள பேப்பர்ல போட்டிருந்தாருல்லா" என்றார்.

அதுதான் சம்மதம். மூன்று வருஷத்துக் கோபத்துக்கு அவர் மன்னிப்பு கேட்கப்போவதில்லை, அவளும் கேட்கப்போவதில்லை. இரண்டுக்கும் சேர்த்துப் பதநீர்தான் பேச வேண்டும். அந்தப் பதநீரைத் துபாய் வரை கொண்டுசேர்க்கும் பொறுப்பு என்னுடையதாயிற்று.

"பெரிய பெட்டியில வச்சு அனுப்பிரலாமே" என்று அத்தை கேட்டாள்.

"பெட்டியத் தூக்கி எறிவாங்க அத்த. வெயில்ல கெடக்கும். கெட்டுப்போகும். கையில இருந்தா நம்ம கண்காணிப்புல இருக்கும்" என்றேன். நூறு மில்லிக்கு மேல் ஒரு குப்பியில் இருக்கக் கூடாது, அவ்வளவுதானே? அப்படியானால் நூறு நூறு மில்லியாக இருபது குப்பி. இரண்டு லிட்டர். இந்தக் கணக்கை நான் சொன்னபோது வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அந்த மாதிரி மறுபடி யாரும் பார்க்கவில்லை.

குப்பி வாங்கப் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் சாமான் கடைக்குப் போனேன். கடை அண்ணாச்சி குப்பிகளை எண்ணிப் போட்டுக்கொண்டே, "என்ன, ஷாம்பு கம்பெனி ஆரம்பிக்கியளா?" என்றார்.

"பதநீர் ஊத்த."

அவர் கை நின்றது. "இதுலயா? இத வச்சுக் குடிக்கவா, கண்ணுல விடவா?"

அத்தோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. என் மூளை அந்த வாரம் ஓய்வே எடுக்கவில்லை. பனையில் கட்டும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவார்கள். தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். எங்கள் பக்கம் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் இது தெரியும். ஆனால் குப்பிக்கு அடியில் வெள்ளையாக ஏதோ தூள் படிந்திருந்தால் சோதனையில் என்ன நினைப்பார்கள்? ஒரு பத்திரிகைக்காரனாக நான் அதை யோசித்தேன்.

"மாமா, சுண்ணாம்பு பேருக்குத் தடவுனா போதும்னு சொல்லிருங்க. தெளிவா இருக்கணும்."

"சுண்ணாம்பு கொறஞ்சா தாங்காது மாப்ள."

"சாயங்காலம் துபாய் மாமா. அதுக்குள்ள என்ன ஆயிரப் போவுது?"

மாமா அச்சில் வந்ததை நம்புகிறவர். அச்சடிக்கிறவனையும் நம்பினார். விடியுமுன்னே ஓட்டப்பிடாரம் பக்கம் சொந்தக்காரர் பனந்தோப்புக்குப் போய், பனையிலிருந்து இறக்கிய சூட்டோடு வாங்கி, இரண்டு தடவை துணியில் வடிகட்டி, இருபது குப்பியிலும் தன் கையாலேயே ஊற்றி மூடினார். நிறைய ஊற்றி, இறுக்கி மூடினார். ஈரத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துவிட்டு, துண்டின் மேல் ஒரு தடவை தட்டிக்கொடுத்தார்.

எங்கள் ஊர் விமான நிலையத்தில் ஒரு தடங்கலும் இல்லை. உள்நாட்டுப் பயணம் என்பதால் திரவத்துக்குக் கெடுபிடி கிடையாது. நான் அதை என் கணக்கின் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். சென்னையில் இறங்கி அடுத்த விமானத்துக்குக் காத்திருந்த நேரமெல்லாம் பை என் மடியில் இருந்தது. பங்குனி வெயில் கண்ணாடிச் சுவர் வழியாக அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. துண்டு எப்போதோ காய்ந்துவிட்டது.

இனி, ஒன்று ஐம்பது.

பையைத் திறந்தவர் வடநாட்டுக்காரர். ஒரு குப்பியை எடுத்து, இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். பதநீருக்கு ஆங்கிலம் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும், மொழிபெயர்க்கிற ஆள். ஆனால் அந்த நேரம் வாயில் வந்தது பனைமரம், ஜூஸ், மச்சினி என்ற மூன்று சொற்கள்தான். அவர் தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டார். மீசை வைத்த, மதுரைப் பக்கத்துப் பேச்சுள்ள அதிகாரி வந்தார்.

மாமா முந்திக்கொண்டார். "ஒவ்வொண்ணும் நூறு மில்லிதான் சார். சட்டப்படிதான் கொண்டு வாரோம். இவரு பேப்பர்லயே எழுதியிருக்காரு."

அதிகாரி என்னைப் பார்த்தார். "பேப்பர்லயா? என்னன்னு எழுதியிருக்கீங்க?"

"நூறு மில்லிக்கு மேல் கூடாதுன்னு."

"அதுக்குக் கீழ? எல்லாக் குப்பியும் சேந்து ஒரு லிட்டர் பைக்குள்ள அடங்கணும், ஆளுக்கு ஒரு பைதான்னு இருந்திருக்குமே?"

இருந்தது. கடைசிப் பத்தியில் இருந்தது. பக்கம் கட்டும்போது ஒரு நகைக்கடை விளம்பரத்துக்கு இடம் போதவில்லை. செய்தியை வெட்டுவதென்றால் அடியிலிருந்துதான் வெட்டுவோம், அதுதான் எங்கள் தொழில் வழக்கம். முக்கியமானது மேலே இருக்கும், கடைசிப் பத்தி போனால் யாருக்கும் நஷ்டமில்லை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் வெட்டினேன். வெட்டிய கையோடு மறந்தும் போனேன்.

"அப்ப ஆளுக்கு ஒரு பையில அடங்குறத மட்டும் கொண்டு போறோம் சார்" என்றார் மாமா. நியாயமான பேச்சு. அதிகாரியும் ஒத்துக்கொள்கிற முகத்தோடுதான் ஒரு குப்பியை எடுத்தார். எடுத்தவர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"இது ஏன் சார் உப்பியிருக்கு?"

எல்லாமே உப்பியிருந்தன. காலையில் ஒல்லியாக இருந்த குப்பிகள் இப்போது தொப்பை போட்டிருந்தன. 

"அது ஒண்ணுமில்ல சார், இயற்கை பானம். ஆல்கஹால் எதுவும்..." என்று நான் ஆரம்பித்தேன். அவர் மூடியை அரைச் சுற்று திருகினார்.

மூடி அவர் கையில் நிற்கவில்லை. நுரை பொங்கி அவர் விரல் வழியாக, தட்டில் கிடந்த என் பெல்ட்டின் மேலும், யாரோ ஒரு பெண்மணியின் கைப்பேசியின் மேலும் வழிந்தது. அதைவிட மோசம் வாசனை. வரிசையில் பின்னால் நின்றவர்களில் பாதிப் பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஒரு நொடியில் எல்லோரும் ஒரே மாதிரி மூக்கைத் தூக்கினார்கள்.

அதிகாரி விரலை முகர்ந்தார். "சார், இது பதநீரா?"

"காலைல பதநீர்தான் சார்" என்றேன்.

வரிசையில் ஒருவர் சிரித்தார். அப்புறம் வரிசையே சிரித்தது. கருப்பட்டி மண்டி முதலாளி, ஊர்க்கோயில் கமிட்டியில் இருப்பவர், வாழ்நாளில் ஒரு சொட்டுக் கள் நாக்கில் படாதவர், இருபது குப்பிக் கள்ளோடு நின்றார். "இதோட துபாயில போயி எறங்கியிருந்தீங்கன்னா தெரியும்" என்று அதிகாரி தாழ்ந்த குரலில் சொன்னார். மிரட்டலாகச் சொல்லவில்லை. எங்களுக்காகப் பயந்து சொன்னார்.

குப்பிகள் ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் போயின. கடைசிக் குப்பி வந்தபோது மாமா கையை நீட்டினார்.

"இந்த ஒண்ண மட்டும் விடுங்க சார். பிள்ள கேட்டது."

"பதநீராவே இருந்தா விட்டிருப்பேன் ஐயா. இது வழியில வெடிச்சிரும்."

மாமா தலையாட்டினார். அந்தக் குப்பியை அவரே வாங்கித் தொட்டியில் போட்டார். எறியவில்லை, நிற்க வைத்தார்.

விமானத்தில் அவர் என்னோடு பேசவில்லை. தண்ணீர் கொண்டுவந்த பெண்ணிடம் ஊர் விசாரித்தார். பக்கத்து இருக்கைக்காரரிடம் கருப்பட்டி விலை சொன்னார். பாதி வழிக்கு மேல், ஜன்னலைப் பார்த்தபடியே ஒரே ஒரு தடவை வாய் திறந்தார்.

"வெறுங்கையோட போயி நின்னா அவகிட்ட நான் என்னத்தப் பேச மாப்ள?"

நிபுணன் என்ற பதவியை நான் மனத்துக்குள் ராஜினாமா செய்திருந்தேன்.

மாலா கதவைத் திறந்தபோது அஸ்தமனம் ஆகவில்லை. "வாங்க அத்தான்" என்றாள் என்னைப் பார்த்து. பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவர் செருப்பைக் கழற்றினார். கழற்றிய செருப்பை நேராக வைத்தார். மறுபடி எடுத்து இன்னும் நேராக வைத்தார். அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். வாசல் விளக்கின் மேல் ஒரு பூச்சி இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா நிமிர்ந்தார். "ஏளா, நீ கேட்டது வந்திருக்கணும். ஒங்க அத்தான் வழியிலயே அதக் கள்ளாக்கிட்டாரு" என்றார்.

"என்னது?"

"ஆமா. போலீஸ் பட்டாளமே நிக்கி, அங்கன வச்சு வெடிக்க விட்டாரு."

மாலா என்னைப் பார்த்தாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மூச்சு வாங்கச் சிரித்தாள். "ஏம்ப்பா, அத்தான நம்பி யாராவது பதநீரக் குடுப்பாங்களா?"

"நூறு மில்லின்னாருளா. பேப்பர்ல வந்துச்சுன்னாரு."

உள்ளே போய் உட்கார்ந்ததும் மாமா முதலிலிருந்து சொன்னார். அவர் சொன்னதில் நுரை கூரையைத் தொட்டது, அதிகாரியின் தொப்பி பறந்தது, நான் அழுதேன். நுரை தட்டைத் தாண்டவில்லை, அவர் தொப்பியே போட்டிருக்கவில்லை என்று திருத்தம் சொல்ல இரண்டு முறை வாயெடுத்தேன். இருவரும் ஒரே நேரத்தில் "சும்மா இருங்க" என்றார்கள். மாலாவின் கணவன் சமையலறையிலிருந்து வந்து, தமிழ் பாதிதான் புரிந்தும், எனக்காக வருத்தப்பட்டு ஒரு தேநீர் கொடுத்தான். (இன்றும் எங்கள் குடும்பத்தில் யார் வெளியூர் கிளம்பினாலும் பெட்டியைப் பூட்டும்போது என்னை அடுத்த அறைக்கு அனுப்பிவிடுவார்கள்.)

எங்கள் இருவருக்கும் பத்தாம் நாள் திரும்பி வர டிக்கெட் இருந்தது. நான் மட்டும் வந்தேன். மாமா வீசா முடிகிற அன்றுதான் ஊருக்கு வந்தார்.