ஸலாம் காக்காவுக்குப் பதில் வந்த நாள்

புத்தளத்தில் ஸலாம் காக்காவிடம் ஸலாம் வாங்காத உயிர் ஒன்றுகூட இருந்திருக்காது. பூட்டிய கடைக்கும் சொல்வார். தெருவை மறித்து நிற்கும் கழுதைக்கும் சொல்லி, அது நகரும்வரை மரியாதையாகக் காத்து நிற்பார். ஊருக்கே அவர் காக்கா, அதாவது அண்ணன்; சொந்தப் பெயர் அவருக்கே மறந்துபோயிருக்கும் என்பது என் எண்ணம்.

அவர் உத்தியோகம் காட்டுக் காவல். பாலாவிக்குப் போகும் பாதையோரம் அரசாங்கம் ஒதுக்கிவைத்த சின்னக் காடு அது. பாலை மரமும் வீரை மரமும் அடர்ந்தது. பஸாரின் இரைச்சல் காட்டின் விளிம்புவரை கூடவே வரும். உள்ளே நாலடி வைத்தால், அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியதுபோல் அடங்கிவிடும். எங்கேயோ ஒரு சுள்ளி முறியும். முறித்தவர் யாரென்று தெரியாது. அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர்மாராகிய நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் காற்று வாங்க அங்கே போவோம். போன வேகத்திலேயே திரும்பியும் வருவோம்.

போகுமுன் காக்கா மறிப்பார். "ஸலாம் செல்லாம உள்ளுக்குப் போக ஏலா தம்பி. ஆக்கள் ஈக்கிறாங்க."

"என்ன ஆக்கள் காக்கா?"

"கண்ணுக்குத் தெரியாத ஆக்கள். மூணு தரம் ஸலாம் செல்லணும். பதில் வராட்டி வீட்டுக்குப் போயிரணும்."

சொல்லிவிட்டுக் காதைச் சாய்ப்பார். "அந்தா, கேட்டிச்சிதானே" என்பார். எங்களுக்கு ஒரு இழவும் கேட்காது.

உலக யுத்த காலம் வந்தது. பட்டாளத்துக்கு விறகு தேவையென்று, அந்தக் காட்டை அடியோடு வெட்டுவதற்கு ஒரு துரை பார்வையிட வந்தார். மொழிபெயர்க்க நான் போனேன். காக்காவின் முகம் செத்துப்போயிருந்தது. உத்தியோகம் போவதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை.

"வெட்டினா அதுகள் எங்க போற தம்பி?" என்று என் காதுக்குள் கேட்டார்.

காட்டைப் பார்த்து ஸலாம் சொன்னார். பதில் இல்லை. இரண்டாவது தரமும் இல்லை. துரை மணிக்கூட்டைப் பார்த்தார். மூன்றாவது ஸலாமில் காக்காவின் குரல் உடைந்துபோனது.

"வஅலைக்குமுஸ்ஸலாம்."

மிகக் கிட்டத்தில், வயதான, அவசரமில்லாத ஒரு குரல். ஓர் இலைகூட ஆடவில்லை.

உள்ளே யார் என்று துரை கேட்டார். நான் காக்காவிடம் கேட்டேன்.

"ஆக்கள்."

"எவ்வளவு காலமா?"

"எங்கட வாப்பாட வாப்பாக்கும் முந்தி."

அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். துரை முகம் சுளித்தார். பரம்பரையாகக் குடியிருக்கும் சனங்களை எழுப்பினால் நஷ்டஈடு, வழக்கு, பெட்டிசம் என்று இழுபடுமாம். வண்ணாத்திவில்லுப் பக்கம் வெட்டிக்கொள்ளலாம் என்று சொல்லி ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

"நல்ல ஆளாப் பார்த்து ஒளிச்சு வச்சிருக்கிறீங்க காக்கா" என்றேன். காக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து அவருடைய மச்சான், கையில் மீன்கோர்வையோடு இளைக்க இளைக்க ஓடி வந்தார். "பள்ளிவாசல்துறையில சுணங்கிட்டுது மச்சான். எந்த மரத்துக்குப் பின்னால நான் ஒளியணும்? துரை வந்தாச்சா?"

காக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. "எத்தன வருஷமா ஸலாம் செல்றன் தம்பி" என்றார். "கேட்டிச்சி கேட்டிச்சி எண்டு உங்களுக்குச் சென்னதெல்லாம் பொய். இண்டைக்குத்தான் பதில் வந்தீக்கு."

சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளைபோல் அழுதார். மச்சானின் கையிலிருந்த மீன் நழுவி விழுந்தது.

காக்கா மவுத்தாகி மண்ணுக்குள் போய்ப் பல காலம் ஆகிவிட்டது. புத்தளம் போனால் இன்றும் அந்தக் காட்டோரம் பஸ்ஸை விட்டு இறங்கி, மூன்று தரம் ஸலாம் சொல்கிறேன். சிலுவை போட்டுப் பழகிய வேதக்காரன் என் வாயில் அது கொஞ்சம் கோணலாகத்தான் வரும். என்றைக்காவது பதில் வந்தால் நான் ஓடமாட்டேன். அது கழுதைக்கும் ஸலாம் சொன்ன, எனக்குத் தெரிந்த குரலாகத்தான் இருக்கும்.