ஒரே மாதத்தில் இரண்டு விரல் வளர்ந்த மலை

சாரிசாய்,
ஜூன் 19

மதிப்புக்குரிய குபாத் மாமாவுக்கு,

உங்கள் ஆடுகளும் உயிரும் நலமா என்று முறைப்படி கேட்க வேண்டும். ஆடுகள் இங்கே எங்களிடம் இருப்பதால் அந்தப் பதிலை நானே சொல்லிவிடுகிறேன்: நூற்று நாற்பதும் நலம். உங்கள் உயிரும், பிஷ்கேக் மருத்துவர் மாற்றிவைத்த முழங்காலும் அப்படியே இருக்கட்டும். மேற்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

சல்தனாத் அக்கா என்று ஒருவர் நகரத்திலிருந்து வந்திருக்கிறார். பாசனக் குளம் பாதி தூர்ந்துபோயிற்றே, அந்தச் சேறு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க. சந்தேகம் மூன்று இடங்கள்மேல்: நம் மேய்ச்சல் சரிவு, தொக்தோசுனின் கிழங்கு வயல், ஆற்றங்கரை. ஒவ்வொன்றிலும் ஒரு பை மண் எடுத்து, குளத்துச் சேற்றோடு ஒப்பிட ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். அதோடு விடாமல் நம் சரிவில் நாற்பது இரும்புக் கம்பிகளை அடித்தார். தலை மட்டும் இரண்டு விரல் உயரம் வெளியே தெரியும். மண் கரையக் கரைய இன்னும் தெரியும். "ரொம்பக் கரைஞ்சிருந்தா மூணு வருஷத்துக்கு இங்க ஆடு ஏறக்கூடாது" என்றார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நூற்று நாற்பது ஆடுகளும் எங்கே போகும், பிஷ்கேக்கில் உங்கள் நாலாவது மாடிக்கா? ஆகவே தினமும் காலையில் போய், ஒவ்வொரு கம்பியையும் கல்லால் செல்லமாக ஒரு தட்டு தட்டினேன். கம்பி எண்ணுவது அவர் வேலை. பிடிபட்டால் நானும் எண்ண வேண்டியதுதான். ஆனால் அப்பாவும் எனக்குத் தெரியாமல் சுத்தியலோடு போயிருக்கிறார். ஆய்வெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை. "குதிரைக் குளம்புல குத்துனா யாரு பதில் சொல்றது?" என்று கம்பித் தலைகள் மண்ணுக்குள் போகும்வரை அடித்து இறக்கிவிட்டார். நேற்று அக்கா நாற்பது கம்பிகளையும் புல்லுக்குள் கையால் துழாவித் தேடினார்.

"ஓர்மொன் அண்ணே, உங்க மலை ஒரு மாசத்துல ரெண்டு விரல் வளந்திருக்கு."

"நல்ல புல்லும்மா இது" என்றார் அப்பா.

"வளரணும்னா மேலேருந்து மண்ணு வந்து விழணுமே. மேல என்ன இருக்கு?"

அப்பா குதிரையைப் பார்த்தார். குதிரை என்னைப் பார்த்தது. எனக்கு நாக்கு நிற்கவில்லை, மாமா. கோடைக் கூடாரத்தை லாரியிலேயே ஏற்றிவிடலாம் என்று போன இலையுதிர் காலத்தில் ஒருவருக்கும் சொல்லாமல் டிராக்டர் வைத்து ஒரு பாதை வெட்டினீர்களே, அங்கே கூட்டிப்போனேன். வசந்த மழை அதைப் பாதையாக விட்டுவைக்கவில்லை. கழுதை இறங்கினால் காது மட்டும் தெரியும் ஆழத்துக்குப் பள்ளம். அக்கா ஓரத்தில் குனிந்து ஒரு பிடி மண்ணை விரலால் நசுக்கிப் பார்த்தார். பிறகு, "யாரு வெட்டுனது?" என்றார். சொன்னேன். பாதையை மூடி, கல் அடுக்கி, வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ள வில்லோ மரம் நடவேண்டுமாம், உங்கள் செலவில். கோபப்படுவீர்கள். ஆனாலும் யோசியுங்கள்: பாதையைக் கொடுத்து மேய்ச்சலை மீட்டிருக்கிறேன். "உன் மாமன் திட்டுவான், ஆனா ஆடு வாழ்த்தும்" என்கிறார் அப்பா.

உங்கள் கூடாரத்தின் புகைத்துளை எப்போதும் உயர்ந்திருக்கட்டும், முழங்கால் எப்போதும் மடங்கட்டும்.

தங்கள் அன்பு மருமகள்,
ஐகனிஷ்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் அக்கா வந்தார். ஆய்வுக்கூடத்து முடிவு போன வாரமே வந்துவிட்டதாம்.

"கம்பித் தலை ஒவ்வொண்ணும் அடிவாங்கிப் பளபளக்குது. ரெண்டாவது வாரமே அதை நம்பறதை விட்டுட்டேன்" என்றார்.

"அப்ப மேய்ச்சலை மூடப்போறது?"

"அதை ஏன் மூடணும்? குளத்துச் சேத்துல பத்துல ஒரு பங்குகூட அங்கேருந்து வரல. மூணு பை மண்ணையும் கூட்டினாலும் பாதிச் சேறுதான் கணக்குல வருது. மிச்சப் பாதி எங்கேருந்து வருதுன்னு தெரியாம ஒரு வாரமாத் தூக்கமில்ல. அதான் மலை வளருதுன்னு சும்மா ஒரு வார்த்தை போட்டுப் பார்த்தேன்."

இப்போது உங்கள் பாதைக்கு நான்காவது பையோடு கிளம்பிவிட்டார். மண்ணை அள்ளிப்போட, பையின் வாயைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமாம். என் வாயை அவர் மிகவும் புகழ்கிறார். போய்வருகிறேன், மாமா.